பாட்டுக்குப் பின்னால் ஓர் ஆள்

நல்ல குரல் இருந்தால் பேர் தானாக வரும் என்று நம் ஊர்களில் சொல்வார்கள். பாடுகிறவர் இதைச் சொல்லமாட்டார், பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவர்தான் சொல்வார். தானாக வந்த பேரை நான் இதுவரை பார்த்ததில்லை. யாராவது ஒருவர் கடிதம் போட்டிருப்பார். யாராவது கூட்டிப் போயிருப்பார். "அந்தப் பாட்டு வேண்டாம், இதைப் பாடு" என்று அதட்டியிருப்பார்.

இலங்கை வானொலியில் இதற்கு நல்ல உதாரணம் மூன்ஸ்டோன்ஸ் என்ற சிங்களப் பாட்டுக் குழு. 1966 அளவில் இரத்தினபுரியில் கிட்டாரோடு சேர்ந்த இளைஞர்கள். பாடியவர் அனஸ்லி மாலேவன. பாட்டுக் கட்டிய கிளாரன்ஸ் விஜேவர்தன மலையகத்துக்காரர்களான நமக்கு மலை உறவு, 1943இல் ஹப்புத்தளையில் பிறந்தவர். சிங்களப் பாட்டுக்கு மின் கிட்டாரா என்று முகம் சுளித்தவர்கள் இருந்த காலம் அது. இவர்களை வானொலி நேயர்களுக்கு அறிமுகம் செய்தவர் அறிவிப்பாளர் விஜய கொரயா. முகாமையாளராக இருந்து குழுவை நடத்தியவர் இன்னொரு கொரயா, ஸ்ரீ சங்கபோ கொரயா. ஒலிவாங்கிக்கு முன்னால் ஒருவர், கதவுக்கு வெளியே ஒருவர். இரண்டு பேரும் கொரயாவா என்று, இன்றைக்கென்றால் முகநூலில் நாலு பேர் கேள்வி கேட்டிருப்பார்கள்! ஆனால் இசைத்தட்டு வந்தது, "மேங்கோ நந்தா" வீட்டுக்கு வீடு ஒலித்தது.

அறிவிப்பாளர் ஒருவருக்கு அத்தனை பலம் எப்படி வந்தது? இந்த நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979இல். அதுவரை இருந்தது ஒரே வானொலி. கொழும்பில் ஒருவர் ஒரு தட்டை வாரத்துக்கு நாலு தடவை போட்டால் தீவு முழுக்க அந்தப் பாட்டை முணுமுணுக்கும். தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டில் ரேடியோ இருந்தால் போதும், பத்துக் காம்பராவுக்கும் கேட்கும். நேயர் விருப்பத்தில் தோட்டத்தின் பெயரையும் நம் பெயரையும் வாசிப்பார்கள் என்று அஞ்சலட்டை எழுதிவிட்டுக் காத்திருந்தவர்கள் இப்போதும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். எதையும் திரும்பத் திரும்பக் கேட்டால் பிடித்துவிடுகிறது. பாடகரைத் தேடிப் பிடிக்கிறவருக்கு இந்த ரகசியம் தெரியும்.

தமிழ்ப் பக்கம் அப்படி ஒருவர் இருந்தாரா என்றால், எஸ்.கே. பரராஜசிங்கத்தைச் சொல்லலாம். தானே நல்ல பாடகர், வானொலியில் தயாரிப்பாளர். இங்குள்ள கவிஞர்கள் எழுத, இங்குள்ளவர்கள் இசையமைக்க, இங்குள்ளவர்களே பாட, ஈழத்து மெல்லிசை என்று ஒன்றை நிலைநிறுத்தப் பாடுபட்டவர். பெரிய காரியம். ஆனாலும் வானொலி நிலையம் கலையை வளர்த்ததே தவிர, கலைஞருக்காகச் சந்தைக்குப் போகவில்லை. குரல் தேர்வு வைக்கும், தேறினால் பாடக் கூப்பிடும். பாடி முடித்தவர் பஸ் ஏறி வீட்டுக்குப் போவார். மேடைக்கும் இசைத்தட்டுக்கும் அவருக்காகப் பேரம் பேச ஆள் கிடையாது.

தமிழ்நாட்டு நாடகப் பாடகி கே.பி. சுந்தராம்பாளுக்கு அந்த ஆள் கிடைத்தார். கரூர்ப் பக்கம் ரயிலில் பாடிய சிறுமியை எஃப்.ஜி. நடேசய்யர் என்ற ரயில்வே அதிகாரி கேட்டு, வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்த்துவிட்டார் என்பது பலரும் சொல்லும் வரலாறு. அந்தப் பாதை கொழும்பு மேடைவரை வந்தது. நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு அவர் ஜோடி சேர்ந்தது இங்கேதான், 1926இல். 1935இல் நந்தனார் படத்துக்கு அவர் வாங்கியது ஒரு லட்சம் ரூபாய். நம்முடைய வட்டவளை ஸ்டேசன் வழியாகவும் ரயில் போகிறது. பதுளை ரயிலில் பாடிக் காசு கேட்கிறவர்களை நாமும் கேட்டிருக்கிறோம். நடேசய்யர்தான் இன்னும் இந்தப் பெட்டியில் ஏறவில்லை.

மலையில் குரலுக்குப் பஞ்சமா? மாசியில் காமன் கூத்து நடக்கும் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். தப்பைத் தீயில் காட்டித் தோலை முறுக்கேற்றுவார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே, மைக் இல்லாமல், விடியவிடிய ஒருவர் பாடுவார். கூத்தில் காமன் எரிந்தபின், அவன் மனைவி ரதியின் வேஷம் கட்டிய ஆண்பிள்ளை எடுக்கும் ஒப்பாரியில் கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். அந்த ரதி வேஷக்காரரைக் கொழும்புக்குக் கூட்டிப்போய், நாலு சுவருக்குள் சுருதிப் பெட்டிக்கு முன்னால் நிறுத்தி, மூன்று நிமிடத்தில் பாடி முடி என்றால் என்ன செய்வார்? திக்குமுக்காடிப் போவார். எந்த நாலு அடியை வைத்துக்கொள்வது, எந்த நாற்பதை விடுவது, எந்தச் சுருதியில் எடுப்பது என்று சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். பாராட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வெட்டிக் குறைக்கத் தெரிந்த ஒருவர்தான் அபூர்வம்.

2023இல் புசல்லாவை நயப்பனைத் தோட்டத்து அசானி சென்னையில் ஜீ தமிழ் தொலைக்காட்சியின் சரிகமப பாட்டுப் போட்டி மேடையில் நின்றாள். மலையக மக்கள் இங்கே வந்து 200 வருடம் ஆனதை நினைவுகூர்ந்த ஆண்டு அது. போட்டியாளர்களைத் தேர்ந்து முடித்த பிறகுதான் அவள் போய்ச் சேர்ந்தாள். ஆனாலும் பாட இடம் கிடைத்தது, கேட்டவர்கள் உருகினார்கள். அவளுக்கு முகாமையாளர் யார்? பயணத்துக்குப் பணம் திரட்டிக் கொடுத்த ஊர்க்காரர்கள்தான். அன்றாடச் சம்பளத்தில் காலம் தள்ளுகிறவர்கள் செய்த வேலை இது. எனக்கு அதில் பெருமையும் உண்டு, கோபமும் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தோட்டம் உண்டியல் குலுக்க முடியாது.

ஆகவே கொழும்பிலோ கண்டியிலோ நிகழ்ச்சி தயாரிக்கிறவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், நேரடியாகவே சொல்கிறேன். குரல் தேர்வுக்கு விண்ணப்பம் கேட்டு அறிவிப்பதோடு நிறுத்தாதீர்கள், ஒலிப்பதிவுக் கருவியோடு இங்கே வாருங்கள். மாசியில் வாருங்கள். மழைக்குப் பேர்போன வட்டவளையில் மழை கொஞ்சம் ஓய்ந்திருக்கும் மாதம் அது. ரதி வேஷக்காரரிடம் கூத்து நடக்கும் இரவில் பேசாதீர்கள், விரதத்தில் இருப்பார். இரண்டு நாள் கழித்து, வேலை விட்டு வரும் நேரம் பார்த்துப் போங்கள். போக்குவரத்துச் செலவு யார் தருவது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.