கரியும் வைரமும்

வைரம் சுக்கிரன் கல், ஒருவருக்கு ஒத்துக்கொள்ளும், இன்னொருவர் குடியைக் கெடுக்கும் என்று சொல்லக்கேட்டு நாமும் பயந்ததுண்டு. 1797-ல் ஸ்மித்ஸன் டெனண்ட் என்னும் இங்கிலீஷ் ரசாயனி வைரத்தை எரித்தே பார்த்தார். அதே எடைக் கரியை எரித்தால் வரும் வாயுதான், அதே அளவுதான் வந்தது. சுக்கிரனைக் காணோம்!

சரி, பென்சிலிலுள்ள கிராபைட்டும் கரிதானே, அது ஏன் காகிதத்தில் தேய்கிறது? வைரம் ஏன் கண்ணாடியை அறுக்கிறது? ரசாயன மாணாக்கர்கள் பொருள்களின் விஞ்ஞானத்தில் படிப்பது இதைத்தான். கிராபைட்டில் ஒவ்வொரு அணுவும் மூன்றைப் பிடித்துக்கொண்டு, அப்பள அடுக்குப்போல் கிடக்கிறது; அடுக்கு வழுக்குகிறது. வைரத்திலோ நாலு பக்கமும் நான்கைப் பிடித்திருக்கிறது. 1913-ல் பிராக் என்னும் தகப்பனும் மகனும் எக்ஸ்-ரே கொண்டு இதைக் கண்டார்கள்.

1954-ல் அமெரிக்காவில் கரிப்பொருளிலிருந்து வைரமே செய்துவிட்டார்கள். அதற்குக் கடும் சூடும் அழுத்தமும் வேண்டியிருந்தன. நல்ல நேரம் வேண்டியிருக்கவில்லை.