எண்ணெய் இருந்தும் பட்டினி



மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம்மைச் சில வேளைகளில் சொற்களே ஏமாற்றிவிடுவதுண்டு. மோட்டார் சைக்கிள் நூல்களில் வரும் 'ஆயில் ஸ்டார்வேஷன்' என்பதனை எண்ணெய்ப் பட்டினி என்று எழுதிவிட்டு, தொட்டியில் எண்ணெய் வற்றிப் போவதே அது என்று நெடுநாள் எண்ணியிருந்தோம். குதிர் நிறைய நெல் இருந்தும் உலை ஏறாத வீடும் பட்டினி வீடுதான் என்பது, தில்லிக் கரோல்பாக்கில் நமது பழைய புல்லட்டைப் பிரித்துப் போட்ட அன்றுதான் விளங்கிற்று.

நம்மில் பலர் ஆண்டுக்கொரு முறை விடுப்பில் ஊருக்குச் செல்கிறோம். வண்டி நாற்பது நாள் மாடிப்படியின் கீழ் நிற்கிறது. தை மாதக் குளிரில் திரும்பி வந்து, அலுவலகத்துக்கு நேரமாயிற்றே என்று உதைத்துக் கிளப்பி, உடனே முறுக்கிக்கொண்டு புறப்படுகிறோம். நாம் செய்ததும் அதுவே.

1955-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் செய்துவந்த வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் கனெக்டிங் ராடின் அடிமுனையில் உருளைகள் கிடையா. வளையம் போன்ற ஒரு புஷ்தான் உண்டு. எஞ்சின் சுழலும்போது எண்ணெய் இடுக்கில் ஆப்புப் போல் நுழைந்து, தலைமயிரினும் மெல்லிய படலமாய் நின்று, உலோகத்தை உலோகம் தீண்டாமல் காக்கின்றது. சூட்டைக் கொண்டு போவதும் அதன் பணியே. படலம் அறுந்தால் புஷ்ஷின் மென்மையான உலோகப் பூச்சு வழித்தெடுத்தாற்போல் போய்விடும்.

அவ்வெண்ணெய் அங்கே சேரும் வழியோ நீண்டது. பம்பு தள்ள, வடிகட்டியைக் கடந்து, பக்கவாட்டு மூடியினூடே வந்து, ஒரு சிறு கார்க் வளையத்தின் வழியாகக் கிராங்க்கின் முனைக்குள் புகவேண்டும். அந்தக் கார்க் இறுகியோ சிதைந்தோ போனால், தொட்டி நிறைந்திருக்கவே எண்ணெய் நடுவழியில் ஒழுகிவிடும். நமது வண்டியில் கெட்டிருந்தது அந்த அற்பப் பொருள்தான். போதாததற்குக் குளிர் வேறு. சென்னையில் தாராளமாய் ஓடும் எண்ணெய், தில்லியின் சனவரி விடியலில் தேன்போல் தடித்து மெல்ல நகரும்.

ஆகவே மூடியைத் திறந்து பூட்டும்போதெல்லாம் புதிய கார்க் இடச் சொல்லுங்கள். வடிகட்டியை மாற்றியபின் எண்ணெய்ப் பாதை வெறுமையாய் இருக்கும். தீப்பொறியை அணைத்து, டிகம்ப்ரஷன் பிடியை அழுத்தியவாறே பலமுறை உதைத்து எண்ணெயை ஏற்றிய பிறகே கிளப்புதல் வேண்டும். கிளம்பியதும் ஓரிரு நிமிடம் மெல்ல ஓட விடுங்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. நெடுநாள் நின்ற புல்லட்டில் தொட்டி எண்ணெய் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். அளவுகோல் குறைவாகக் காட்டும். குறைந்ததென்று ஊற்றினால் மிகையாகும். சிறிது நேரம் ஓடவிட்டு, வண்டியை நிமிர்த்தி நிறுத்திய பிறகு பார்ப்பதே முறை. பிற வண்டிகளுக்கு அவற்றின் கையேடு சொல்வதே வழி. ஒரு லிட்டர் எண்ணெயில் ஓடும் சிறு வண்டிகளில் கால் லிட்டர் குறைவும் சிறிதன்று.

பழைய எண்ணெயை வடிக்கும்போது அதனை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். மினுமினுக்கும் துகள்கள் கண்டால் எங்கோ தேய்கிறது. சுமையேறும்போது அடியிலிருந்து 'டொக், டொக்' என்று கனத்த ஓசை எழுந்தால், புதிய எண்ணெய் அதனை ஆற்றாது. வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏறவேண்டியதுதான்.

நாம் ஏறவில்லை. பட்டறை அருகில்தானே என்று இன்னும் ஆறு கிலோமீட்டர் ஓட்டினோம். புஷ்ஷோடு தீர்ந்திருக்க வேண்டிய செலவு, கிராங்க்கையும் மாற்ற வைத்தது.