சொல்லக் கூசும் நோய்
(நந்திதுர்க்கில் மகளிர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல் இங்குச் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் பலரும் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூர் சென்று பிழைக்கின்றனர். ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவரிடம் செல்வது எளிதன்று. வெள்ளைப்படுதல் போன்று சொல்லக் கூசும் நோயாயின் மௌனமே மிஞ்சுகிறது.

இம்மௌனம் இவ்வூருக்கு மட்டும் உரியதன்று. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில், இரு கிராமங்களில் 650 பெண்களை டாக்டர் ராணி பங்க் குழுவினர் பரிசோதித்தனர். 1989-இல் வெளியான முடிவின்படி, 92 சதவீதத்தினருக்கு மகளிர் நோய் ஏதேனும் இருந்தது. முன்பு அதற்கெனப் பரிசோதனை செய்துகொண்டோர் 8 சதவீதத்தினரே. மைசூரில் 2005-06-இல் 15 முதல் 30 வயதுப் பெண்களிடம் நடந்த ஆய்வில், பிறப்புறுப்பின் பாக்டீரியாக்கள் நிலைகுலைந்த நோய் 19 சதவீதத்தினரிடம் காணப்பட்டது.

இந்நோய் யாது? காட்டில் உயிரினங்கள் பலவாக இருப்பதே நலம். பிறப்புறுப்பில் நிலை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. அங்கு லாக்டோபேசில்லஸ் என்னும் நுண்ணுயிர் பெருகி, லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, பிறவற்றை அடக்கி வைக்கிறது. அது குன்றினால் கார்ட்னெரெல்லா, பிரெவோடெல்லா முதலிய பலவகைப் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. நீர்த்த வெள்ளையும் மீன் நாற்றமும் தோன்றுகின்றன. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அறிகுறியே இராது. எனினும் குறைப்பிரசவம் நேரவும், எச்.ஐ.வி. தொற்றவும் வாய்ப்பு மிகுகிறது.

எல்லா வெள்ளையும் நோயன்று. எல்லா நோயும் இதுவன்று. அரிப்புடன் தயிர்த்திரள் போல் படுவது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. அதற்கு மருந்து வேறு. கல்லின் நிறத்தை மட்டும் கண்டு பொன்னின் அளவை எவரும் கூறியதில்லை, சோதித்தே கூறினர். இங்கும் அமிலத்தன்மை காட்டும் தாளும் நுண்ணோக்கியுமே பெரும்பாலும் போதும். உடற்சூடு என்று எண்ணி வாளாவிருத்தலும், சோப்பு நீரால் உள்ளே கழுவுதலும் தவறு. அவ்வாறு கழுவுவது காவல் நுண்ணுயிரையே அழித்துவிடும்.

மெட்ரோனிடசோல் மருந்தை மருத்துவர் கூறியவாறு முழுமையாக உட்கொண்டால் நோய் தணியும். ஆயினும் பலருக்கு மீண்டும் வருகிறது. ஆஸ்திரேலிய ஆய்வொன்று 2025-இல் இதற்கு ஒரு காரணம் காட்டியது. பெண்ணுக்கு மட்டும் மருந்தளித்தபோது 12 வாரங்களுக்குள் 63 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. துணைவருக்கும் அளித்தபோது 35 சதவீதமாகக் குறைந்தது. ஆகவே இது பெண்ணின் ஒழுக்கக் குறையுமன்று, அவள் தனியே சுமக்க வேண்டிய பாரமுமன்று. கணவரும் உடன் வந்து மருத்துவரின் ஆலோசனை பெறுதல் வேண்டும்.

சொல்லத் துணிவதே சிகிச்சையின் முதற்படி. அப்படியை இன்று இங்கேயே ஏறுவோமாக.