மணி ஒலித்த பின்னும் எரிந்த நகரம்



கோட்டை மதில்கள் இடிந்துவிட்டன. எதிரியின் கப்பல்கள் எரிந்துவிட்டன. வீரர்கள் வாளைக் கீழே போட்டுவிட்டார்கள். சரணடைந்தோம் என்று அறிவிக்கும் மணி நகரம் முழுக்க ஒலிக்கிறது. வென்ற அரசி மதிலின் மேல், டிராகனின் முதுகில் அமர்ந்து அதைக் கேட்கிறாள். பகைவி செர்சி நிற்கும் அரண்மனை கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் அவள் முதலில் எரிப்பது அரண்மனையை அல்ல. அதற்கும் தனக்கும் இடையில் இருக்கும் தெருக்களை, அங்கே ஒதுங்க இடமின்றி ஓடும் தாய்மார்களையும் குழந்தைகளையும்.

2019 மே 12 அன்று எச்.பி.ஓ. ஒளிபரப்பிய ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் கடைசிக்கு முந்தைய எபிசோட் இது. எமிலியா கிளார்க் நடித்த டெனேரிஸ் டார்கேரியனை உலகம் எட்டு ஆண்டுகளாகக் கொண்டாடியிருந்தது. அவளுடைய பட்டமான ‘கலீசி’யை அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான பெற்றோர் தங்கள் பெண் குழந்தைகளுக்குப் பெயராகவே வைத்திருந்தார்கள். ஒரே இரவில் அந்தக் கொண்டாட்டம் கோபமாகியது. கடைசி சீசனைத் திரும்ப எழுதி எடுக்கவேண்டும் என்ற இணைய மனுவில் 15 லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள்.

அந்தக் கோபம் நியாயமானதுதானா?

அவள் எந்த அறிகுறியும் இல்லாமல் மாறினாள் என்று சொல்ல முடியாது. முதல் சீசனிலேயே, அண்ணன் தலையில் உருக்கிய தங்கத்தை ஊற்றிக் கொல்லும்போது அவள் சலனமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவனின் சாவுக்குக் காரணமானவளை உயிரோடு சிதையில் ஏற்றினாள். மீரீன் நகருக்குப் போகும் வழியில் அடிமைக் குழந்தைகள் 163 பேரைச் சிலுவையில் அறைந்து வைத்திருந்தார்கள் என்பதற்காக, அந்த நகரத்துப் பிரபுக்கள் 163 பேரை அதே முறையில் அறைந்தாள். அவர்களில் ஒருவர் அந்தக் குழந்தைகளுக்காகப் பரிந்து பேசியவர் என்று அவருடைய மகன் வந்து சொன்னான். ஏழாவது சீசனில், மண்டியிட மறுத்த டார்லி குடும்பத்துத் தந்தையையும் மகனையும் டிராகன் நெருப்புக்கு இரையாக்கினாள். தொடரை உருவாக்கிய டேவிட் பெனியாஃபும் டி. பி. வைஸும் விதைகளைத் தூவாமல் இல்லை.

ஆனால் அந்த விதைகளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு காட்சியும் இருக்கிறது. நான்காவது சீசனின் முடிவில் ஏழை ஒருவன் துணி மூட்டையோடு அவள் சபைக்கு வருகிறான். உள்ளே இருப்பது டிராகன் எரித்த அவன் மகளின் எலும்புகள். மூன்று வயதுக் குழந்தை. டெனேரிஸ் தன் பிள்ளைகள் என்று சொல்லி வளர்த்த டிராகன்களில் இரண்டைப் பாதாளக் கிடங்குக்குத் தானே அழைத்துப் போய்ச் சங்கிலியிட்டுப் பூட்டுகிறாள். அவை கதறுகின்றன. அவள் அழுதுகொண்டே வெளியேறுகிறாள்.

ஒரே ஒரு குழந்தையின் எலும்புகளுக்காக அதைச் செய்தவள், ஒரு நகரத்துக் குழந்தைகளையே எரிப்பவளாக மாறவேண்டும். கதை கடக்கவேண்டிய தூரம் இதுதான். அவளுடைய பழைய கொடுமைகளைப் பட்டியலிட்டுக் காட்டினால் இந்தத் தூரம் குறைந்துவிடாது. அந்தக் கொடுமைகள் எல்லாவற்றுக்கும் அவள் கண்ணில் ஒரு குற்றவாளி இருந்தான்: அடிமை வியாபாரி, துரோகி, பணிய மறுத்த எதிரி. தலைநகரான கிங்ஸ் லேண்டிங்கின் தெருவில் ஓடியவர்கள் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாதவர்கள். அவர்களைக் காப்பாற்ற வந்தவளாகத்தான் அவள் தன்னை நினைத்திருந்தாள்.

அந்த எல்லையை அவள் தாண்டியதற்குக் காரணங்கள் உண்டு. உயிர்த்தோழி மிஸ்ஸாண்டேயின் தலை அவள் கண்முன்னே வெட்டப்பட்டது. இரண்டாவது டிராகனும் செத்துவிட்டது. அரியணைக்குத் தன்னைவிட உரிமை உள்ளவன் காதலன் ஜான் ஸ்னோ என்று தெரிந்துவிட்டது. அவனும் விலகிப் போகிறான். ஆலோசகர் வேரிஸ் துரோகியானார். ஒவ்வொன்றும் ஒரு மனத்தை உடைக்கக்கூடிய அடிதான். ஆனால் இவை அனைத்தும் சில எபிசோடுகளுக்குள் அடுக்கப்பட்டுவிட்டன. முதல் ஆறு சீசன்களில் பத்துப் பத்து எபிசோடுகள். ஏழாவதில் ஏழு, எட்டாவதில் வெறும் ஆறு. துக்கம் வெறியாகத் திரிவதற்கு வேண்டிய நேரத்தை எழுத்தாளர்களே குறைத்துக்கொண்டார்கள்.

அதைவிடப் பெரிய பிழை வேறொன்று. மணி ஒலிக்கும்போது எமிலியா கிளார்க்கின் முகம் அருகிலிருந்து தெரிகிறது: கலங்கிய கண்கள், துடிக்கும் உதடுகள். டிராகன் கிளம்புகிறது. அதன்பின் அந்த எபிசோட் முடியும்வரை நாம் அந்த முகத்தைப் பார்ப்பதே இல்லை. இயக்குநர் மிகுவேல் சபோச்னிக் கேமராவைத் தரைக்கு இறக்கிவிடுகிறார். சாம்பல் மூடிய தெருக்களில் தடுமாறும், ஜானோடு வளர்ந்த ஆர்யாவோடு நாமும் ஓடுகிறோம். போரை எரிபவர்களின் பக்கம் நின்று காட்டிய விதத்தில் அது அபாரமான படப்பிடிப்பு. ஆனால் எட்டு ஆண்டுகள் கூடவே நடந்துவந்த ஒருத்தியை, அவள் தன்னையே இழக்கும் நேரத்தில், வானத்தில் பறக்கும் வெறும் நிழலாக்கிவிட்டது. முதல் தெரு எரிந்தபோது அவள் தயங்கினாளா? பத்தாவது தெருவில் என்ன நினைத்தாள்? பார்ப்பவர்களுக்குக் கிடைக்கவேண்டிய பதில் அங்கேதான் இருந்தது.

விளக்கம் அடுத்த எபிசோடில் வருகிறது, சிறையில் அவளுடைய ஆலோசகன் டிரியன் ஜானிடம் பேசும்போது. அவள் போன இடமெல்லாம் கெட்டவர்கள் செத்தார்கள், நாம் கைதட்டினோம், தான் செய்வதெல்லாம் சரி என்ற நம்பிக்கை அவளுக்குள் வளர்ந்துகொண்டே போனது என்று டிரியன் சொல்கிறான். ஆழமான வாதம் அது. கைதட்டிய பார்வையாளர்களையும் அது விடவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் வீழ்ச்சியை அவள் இல்லாத அறையில் இரண்டு ஆண்கள் உட்கார்ந்து, எல்லாம் முடிந்தபிறகு விளக்குகிறார்கள். அதே எபிசோடில் ஜானின் கத்தி அவள் நெஞ்சில் இறங்குகிறது.

இதே தொடர் இப்படிப்பட்ட வீழ்ச்சியைச் சரியாகவும் காட்டியிருக்கிறது. ஆறாவது சீசனின் கடைசியில் செர்சி பேலரின் ஆலயத்தைப் பச்சை நெருப்பால் தகர்த்தபோது யாரும் மனு எழுதவில்லை. அவளை அம்மணமாகத் தெருவில் நடத்தி அவமானப்படுத்தியதை ஒவ்வொரு அடியாக நாம் பார்த்திருந்தோம். ஆலயம் வெடிக்கும்போது சாளரத்தில் மது அருந்தும் அவள் முகத்தையும் பார்த்தோம்.

டெனேரிஸுக்கும் அந்த வாசல் திறந்துதான் இருந்தது. அதே ஆறாவது சீசனில், மீரீனை முற்றுகையிட்டவர்களின் நகரங்களை அடியோடு அழிக்கப்போவதாக அவள் நிதானமாகச் சொல்கிறாள். தலைநகரையே எரிக்கத் துணிந்த அவள் தந்தையின் கதையைச் சொல்லி டிரியன்தான் தடுக்கிறான். அவள் அன்று அந்தப் பேச்சைக் கேட்காமல் போயிருக்கலாம். ஒரு நகரம் அப்போதே எரிந்திருக்கலாம். அதன் பிறகும் அவளை நேசிப்பதா என்று ஜானும் டிரியனும் நாமும் இரண்டு சீசன் முழுக்கத் திணறியிருப்போம்.



திரை காட்டாமல் விட்ட அவள் மனத்தை நாவல்கள் காட்ட இன்னும் வாய்ப்பு இருக்கிறது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் மூல நாவல்களில் ஐந்தாவது 2011இல் வந்தது. இதுவரை வந்தவற்றில் டெனேரிஸின் அத்தியாயங்கள் பெரும்பாலும் அவள் மனத்துக்குள்ளிருந்தே சொல்லப்படுகின்றன. ஆறாவது நாவலுக்கு வாசகர்கள் காத்திருப்பதில் அந்த மனத்தைப் பார்க்கவேண்டும் என்ற ஆசைக்கும் பங்கு இருக்கிறது.