நாணய அளவு மோட்டாரும் நம் வீட்டுப் பெரியவர்களும்
(பொழுதுபோக்கு எலக்ட்ரானிக்ஸ் பற்றி நம் குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் படித்தது பி.காம்., பார்த்தது வங்கிக் குமாஸ்தா வேலை. எலக்ட்ரானிக்ஸ் ஓய்வுக்குப் பிறகு வந்த பொழுதுபோக்கு. ஆகவே இங்குள்ள இன்ஜினியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சைலன்டில் போட்ட செல்போன் எப்படி அதிர்கிறது? பல போன்களில் உள்ளே ஒரு குட்டி மோட்டார். அதன் அச்சில் ஒரு பக்கம் மட்டும் எடை இருக்கும். சுழலும்போது அந்த எடை மோட்டாரையே உதற வைக்கிறது. கடைகளில் நாணய வடிவத்தில் கிடைப்பது சுமார் 10 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன். 3 வோல்ட் போதும்.

இதை வைத்து என்ன செய்யலாம்? காது மந்தமான பெரியவர் வீட்டில் இருந்தால், இரண்டு ஏஏ பேட்டரி, ஒரு அழைப்பு மணி சுவிட்ச், இந்த மோட்டார், நீண்ட ஒயர் போதும். சமையலறையில் நீங்கள் சுவிட்சை அழுத்தினால், அவர் கைப்பட்டையில் உள்ள மோட்டார் அதிரும். கத்திக் கூப்பிட வேண்டாம். அவரும் திடுக்கிட மாட்டார். பிளஸ், மைனஸ் மாறினாலும் எதிர்ப்பக்கம் சுழலும், அவ்வளவுதான். ஆனால் மோட்டாரின் ஒயர் தலைமுடி போல மெல்லியது. பசை வைத்து ஒட்டிவிடுங்கள். 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தோடு இதை இணைக்கவே கூடாது.

ஆர்டுயினோ பழகும் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மோட்டார் 75 முதல் 100 மில்லி ஆம்பியர் வரை கேட்கும். ஆர்டுயினோ ஊனோவின் ஒரு பின்னில் 20க்கு மேல் எடுப்பது நல்லதல்ல. அதனால் நடுவில் 2என்2222 டிரான்சிஸ்டர் வேண்டும். மேலாளரின் ஒரு கையெழுத்துக்குப் பெட்டகத்திலிருந்து கட்டுக்கட்டாகப் பணம் வருகிறதல்லவா? அதே ஏற்பாடுதான். பின்னிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக வரும் சிறு மின்னோட்டம் கையெழுத்து. தனி ஏஏ பேட்டரிகள் பெட்டகம். இரண்டின் மைனஸ் முனைகளும் ஒன்றாக இணைய வேண்டும். மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டையோடு, அதன் கோடு போட்ட முனை பிளஸ் பக்கமாக. நிறுத்தும்போது எழும் எதிர் மின்னழுத்தத்திலிருந்து அது டிரான்சிஸ்டரைக் காக்கும்.

பட்டன் பேட்டரியால் இந்தச் சுமையை நீண்ட நேரம் தாங்க முடியாது. அதைவிடப் பெரிய காரணம், குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகலாம். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பகலில் கூப்பிட இந்த மோட்டார் உதவும். ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பவரை எழுப்பும் பலம் இதற்குக் கிடையாது. நள்ளிரவில் தீ எச்சரிக்கை மணி அடித்தால், காது கேட்காத ஒருவர், அதுவும் தனியாக இருப்பவர், எப்படி வெளியே வருவார்? அப்படிப்பட்டவர்களின் பிளாட் எண்ணைச் சங்க அலுவலகத்தில் இந்த வாரமே எழுதிக் கொடுங்கள். ஒரு மாற்றுச் சாவி எந்த அண்டை வீட்டில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். காவலாளி ஓடிப்போய்க் கதவைத் திறக்க அந்தப் பட்டியல்தான் உதவும்.

மோட்டார் செய்து பார்க்க விரும்புபவர்கள் என்னிடம் வரலாம். சால்டரிங் அயர்ன் என்னிடம் இருக்கிறது, காபியும் உண்டு.