அம்மாயி கேட்ட கேள்வி

(நூற்றாண்டு விழாவை ஒட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"டிஜிட்டல் திரைப்படக் கலையில் முதுமாணிப் பட்டம் படித்த அனுபவத்தைப் பற்றிப் பேசுங்கள்" என்று செயலாளர் அக்கா கேட்டபோது, என் மாமா ஞாபகத்துக்கு வந்தார். நான் இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று அவர் கேட்டார்: "படம் எடுக்கவா படிக்கப்போற? அதான் போன்லயே எடுக்கலாமே?" எல்லோரும் சிரித்தோம். ஆனால் அது நல்ல கேள்வி. இன்று எல்லோர் கையிலும் கெமரா இருக்கிறது. அப்படியிருக்க, ஒரு பெண் ஒரு வருடமும் பெருந்தொகைப் பணமும் செலவழித்து இதை ஏன் படிக்க வேண்டும்? அந்தக் கேள்விக்கு நான் கண்ட பதிலைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் படிப்பு எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். இங்கிலாந்தில் இத்தகைய முதுமாணிப் படிப்பு பெரும்பாலும் ஒரு வருடம். முதல் பகுதியில் பயிற்சிகள், நடுவில் குழுவாகச் சேர்ந்து எடுக்கும் சிறு படங்கள், கடைசியில் ஒவ்வொருவரும் எடுக்கும் இறுதிப் படம். அதனுடன் ஓர் எழுத்து ஆய்வும் கொடுக்க வேண்டும். இன்று நெறியாள்கை செய்தவர் நாளை இன்னொருவர் படத்துக்கு மைக் பிடிக்க வேண்டும். நம் பாடசாலையில் வகுப்பறை கூட்ட முறை வைப்போமே, ஏறக்குறைய அப்படித்தான். முறை தவறினால் அங்கேயும் பெயர் எழுதுவார்கள்.

"டிஜிட்டல்" என்ற சொல்லின் உண்மையான பொருள் எனக்கு அங்கேதான் விளங்கியது. 16 மி.மீ. பிலிம் காலத்தில் 400 அடிச் சுருள் ஒன்று சுமார் 11 நிமிடம்தான் ஓடும். அதற்குள் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு போய்விடும். ஆகவே கெமராவை ஓடவிடும் முன்பே யோசித்தார்கள். இன்று ஒரு சிறிய அட்டையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கலாம், அழித்துவிட்டு மறுபடியும் எடுக்கலாம். எடுப்பது இலகுவாகிவிட்டது. எதை எடுப்பது, எதை எடுக்காமல் விடுவது, எடுத்ததில் எதை வைத்துக்கொள்வது என்பதெல்லாம் கஷ்டமாகிவிட்டது. அந்தக் கஷ்டத்தைக் கற்றுக்கொள்ளத்தான் படிப்பு.

என் இறுதிப் படத்துக்கு நான் எங்கள் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஹட்டனுக்குத் திரும்பி வந்து பத்து நாள் எடுத்தேன். பனி, பச்சை மலை, வரிசையாகக் கொழுந்து பறிக்கும் பெண்கள், வளைந்து போகும் ரயில். பார்த்தால் மிக அழகாக இருந்தது. முதல் தொகுப்பைப் பார்த்த விரிவுரையாளர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இதைப் பார்ப்பவர் எங்கே நிற்கிறார்?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. நான் நின்ற இடம், சுற்றுலாப் பயணிகளின் வான்கள் நிற்கும் அதே வளைவு. துரை நின்று பார்க்கும் அதே மேட்டு நிலம். இஸ்தோப்பில் பிறந்து வளர்ந்த பிள்ளை, கெமராவைக் கையில் எடுத்ததும் மேலே ஏறி நின்றுகொண்டேன்.

தவறு என்னோடு தொடங்கியதல்ல. 1934இல் பசில் ரைட் என்ற ஆங்கிலேயர் "சோங் ஒஃப் சிலோன்" என்ற ஆவணப்படத்தை எடுத்தார். தேயிலை விற்பனையை வளர்க்கும் சபையின் பணத்தில் எடுக்கப்பட்ட படம் அது. ஒலி இங்கிலாந்தில் சேர்க்கப்பட்டது. இன்றும் உலகத் திரைப்படக் கல்லூரிகளில் அதைக் காட்டுகிறார்கள், எனக்கும் காட்டினார்கள். கலைநயம் மிக்க படம்தான். ஆனால் அதில் கொழுந்து பறிக்கும் கைகள் தெரிகின்றன, அந்தக் கைக்குரியவர் பேசுவதில்லை. 1954இல் எலிசபெத் டெய்லர் நடித்த "எலிபன்ட் வோக்" வந்தது. அதுவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கதைதான், ஆனால் பங்களாவுக்குள் நடக்கும் கதை.

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. இலங்கையின் ஆரம்பத் தமிழ்ப் படங்களில் ஒன்றான "தோட்டக்காரி" 1963இல் வந்தது. வி.பி. கணேசன் தயாரித்து நடித்த "புதிய காற்று" 1975இல் தோட்டத் தொழிலாளர் வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்தது. 2013இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுமதி சிவமோகன் "இங்கிருந்து" என்ற படத்தை மலையக மக்களைப் பற்றி எடுத்தார். ஒரு தமிழ்ப் பெண் நெறியாள்கை செய்த படம் அது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கும் துணிவு வந்தது.

மறுபடியும் தோட்டத்துக்கு வந்தேன். இந்தத் தடவை மலைக்குள் இறங்கி, நிரையில் நின்று எடுத்தேன். நிரையில் நிற்பவருக்குப் பச்சை மலை தெரியாது. முன்னால் போகிறவரின் முதுகும் கூடையும்தான் தெரியும். காம்பராவுக்குள் போனால் வேறு பாடங்கள். வெளிக் குளிரிலிருந்து அடுப்புச் சூட்டுக்குள் போனால் லென்ஸில் ஆவி படிந்துவிடும். கெமராவைப் பையில் மூடி அரை மணித்தியாலமாவது வைத்திருக்க வேண்டும். வாசல் வெளிச்சம் ஒரு பக்கம், புகை இருட்டு ஒரு பக்கம். டிஜிட்டல் கெமராவில் அளவுக்கு மீறி வெளுத்த இடத்தைப் பிறகு மீட்கவே முடியாது. முகத்தைக் காப்பதா, வாசலைக் காப்பதா? நான் முகத்தைக் காத்தேன். தகரத்தில் மழை பெய்தால் பேச்சே கேட்காது. பேச்சை நிறுத்திவிட்டு மழையைத் தனியாகப் பதிவு செய்தேன்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

படத்தில் தோன்றுகிற ஒவ்வொருவரிடமும் சம்மதப் பத்திரம் வாங்க வேண்டும் என்பது அங்கே கட்டாய விதி. நல்ல விதி. என் படத்தின் நடுநாயகம் என் அம்மாயி, அம்மாவின் அம்மா. ஆங்கிலத்தில் அச்சிட்ட இரண்டு பக்கத்தை அவர் முன்னால் வைத்து, "இதுல ஒரு கைநாட்டு வைங்க அம்மாயி" என்றேன். அவர் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"இது என்னா பேப்பரு? யார அனுப்புறதுக்கு?" என்று கேட்டார.

இங்கிருக்கும் அக்காமாருக்கு அந்தக் கேள்வியின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. தங்கைமாருக்காகச் சொல்கிறேன். 1948இல் நம்மவர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது என்று முடிவானது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பத்திரங்கள் வந்தன, கைநாட்டு வைத்தார்கள். அம்மாயியின் அக்கா குடும்பம் அப்படித்தான் தலைமன்னாருக்கு ரயிலேறிக் கப்பலில் இராமேஸ்வரம் போய், நீலகிரிப் பக்கம் இன்னொரு தேயிலைத் தோட்டத்தில் கூடை தூக்கியது. இருவரும் பிறகு சந்திக்கவே இல்லை.

நான் அந்தப் பத்திரத்தை மடித்துப் பையில் வைத்தேன். அன்று கெமராவை வெளியே எடுக்கவில்லை.

பத்திரத்தைத் தமிழில் எழுதினேன். நம் பேச்சுத் தமிழில். மூன்று நாள் மூன்று தடவை வாசித்துக் காட்டினேன். "இந்தப் படத்தை யார் யார் பார்ப்பாங்க? எனக்குப் பிடிக்கலன்னா வெட்டுவியா? நான் செத்த பொறகு இது யாருக்குச் சொந்தம்?" என்று அம்மாயி கேட்டார். இந்த மூன்று கேள்விகளும் ஆங்கிலப் பத்திரத்தில் சுற்றி வளைத்துத்தான் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாயி நேராகக் கேட்டுவிட்டார். கடைசியில் கைநாட்டு வைக்க அவர் உடன்படவில்லை. "வாயால சொல்றேன், அதப் புடிச்சுக்கோ" என்றார். கெமரா முன்னால் உட்கார்ந்து, தன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சொல்லி, "நான் சரின்னு சொல்றேன்" என்றார். என் பல்கலைக்கழகம் அந்தப் பதிவையே சம்மதமாக ஏற்றுக்கொண்டது.

கதை அதோடு முடியவில்லை. தொகுத்த படத்தை அம்மாயிக்குக் காட்டினேன். அதில் ஒரு காட்சி: அக்காவின் பழைய படமொன்றைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாயி பேச்சை நிறுத்துவார், பிறகு அழுவார். வகுப்பில் அதைப் பார்த்தவர்களெல்லாம் அதுதான் படத்தின் உயிர் என்றார்கள். அம்மாயி பார்த்துவிட்டு, "அத எடுத்துடு. அவ பிள்ளைங்க பார்த்தா, நான் இத்தன வருசமும் அழுதுகிட்டே இருந்தேன்னு நெனப்பாங்க. நான் அப்பிடி இல்ல" என்றார்.

இரண்டு இரவு தூங்கவில்லை. "அம்மாயிக்கு எங்கே தெரியப் போகிறது" என்றும் ஒரு நினைப்பு வந்தது. அதை மறைக்காமல் சொல்கிறேன். பிறகு காட்சியை வெட்டினேன். மதிப்பீட்டில், படத்தின் முடிவு பலமாக இல்லை என்று எழுதியிருந்தார்கள். அது உண்மைதான், பலமாக இல்லை. ஆனால் அது அம்மாயி ஒப்புக்கொண்ட படம். நம்மைப் பற்றி நம்மைக் கேட்காமல் எழுதிய பத்திரங்கள் போதும் என்று எனக்குப் பட்டது.

தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வெள்ளைச் சேலை கட்டிப் படத்தைக் காட்டினோம். மாமாவும் வந்திருந்தார். அம்மாயி முன் வரிசையில் இருந்து பார்த்துவிட்டு, "மழைச் சத்தம் நல்லா இருக்கு" என்றார். மாமாவின் கேள்விக்கு என் பதில் இதுதான்: எடுப்பதற்குப் போன் போதும், மாமா. எங்கே நிற்பது, யாரைக் கேட்பது, எதை வெட்டுவது என்பதைப் படிக்கத்தான் போனேன். அதிலும் பாதியை அம்மாயியிடம்தான் படித்தேன்.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் தங்கைமாருக்குச் சில குறிப்புகள். முதல் பட்டம் எந்தப் பாடத்திலும் இருக்கலாம். பல இடங்களில் நீங்கள் எடுத்த ஐந்து நிமிடப் படத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். இந்தியாவில் 1960இல் தொடங்கிய பூனே திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனமும், 1995இல் தொடங்கிய கொல்கத்தா சத்யஜித் ராய் நிறுவனமும் பட்டப்பின் படிப்புகளை நடத்துகின்றன. இங்கிலாந்துக்குப் போக செவனிங் புலமைப்பரிசில் உண்டு. அதற்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், முடிந்ததும் இரண்டு வருடமாவது நாடு திரும்பியிருக்க வேண்டும். ஆவணப்படத்துக்கென்றே லிஸ்பன், புடாபெஸ்ட், பிரஸ்ஸல்ஸ் என்று மூன்று நகரங்களில் படிக்கும் "டொக்நோமட்ஸ்" என்ற இரண்டு வருட முதுமாணிப் படிப்புக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புலமைப்பரிசில்கள் கிடைக்கின்றன. கடன் வாங்கிப் போவதற்கு முன் இவற்றுக்கெல்லாம் விண்ணப்பியுங்கள். முதல் தடவை கிடைக்காவிட்டால் அடுத்த வருடமும் போடுங்கள்.

"பொம்பளப் பிள்ளைக்கு இது சரிவருமா?" என்று வீட்டில் கேட்பார்கள். சுமித்ரா பீரிஸ் 1950களிலேயே லண்டனுக்குப் போய்த் திரைப்படத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர். நாடு திரும்பிப் படத்தொகுப்பாளராக வேலை செய்து, 1978இல் "கெஹெனு லமாய்" படத்தை நெறியாள்கை செய்தார். அவர் பெயரைச் சொல்லுங்கள்.

கடைசியாக, சங்கத்திடமும், இந்த மலரை வெளிநாடுகளிலிருந்து வாசிக்கப்போகும் அக்காமாரிடமும் ஒரு வேண்டுகோள். நம் பாடசாலை மண்டபச் சுவரில் பழைய குழுப் படங்கள் தொங்குகின்றன. ஆசிரியைகளின் பெயர்கள் இருக்கின்றன. பின் வரிசையில் நிற்கும் மாணவிகள் பலருக்குப் பெயர் இல்லை. அவர்களில் சிலர் கப்பலேறிப் போனவர்களாகவும் இருக்கலாம். உங்களிடம் அந்தப் படங்களின் பிரதி இருந்தால், பின்புறம் பென்சிலால் பெயர்களை எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். குரல் தெளிவாக இருக்கும்போதே மூத்த அக்காமார் ஒவ்வொருவரையும் அரை மணித்தியாலம் பேசச் சொல்லிப் பதிவு செய்வோம். போன் போதும். நான் வருகிறேன், தங்கைமார் மைக் பிடிக்கட்டும். ஆனால் முதலில் கேட்போம். "வெட்டு" என்றால் வெட்டுவோம்.