நாசரேத்திலிருந்தா?

(புனித பர்த்தலமேயு திருவிழாவன்று வானொலியில் வழங்கிய மறையுரை)



மெசியாவைக் கண்டுகொண்டோம், அவர் நாசரேத்தைச் சேர்ந்த இயேசு என்று பிலிப்பு வந்து சொல்கிறார். அந்த ஊரிலிருந்து நல்லது ஏதும் வருமா என்று நத்தனியேல் கேட்கிறார் (யோவான் 1:46). ஆளை அவர் இன்னும் பார்க்கவில்லை. ஊர்ப் பெயரைக் கேட்டதே போதுமானதாக இருந்தது. மணலி, எண்ணூர் என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்த்த நம் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

விளையாட்டிலும் இந்தப் பேச்சு உண்டு. சென்னை கிரிக்கெட் வீரர் அபினவ் முகுந்த், சிறுவயது முதல் தன் தோல் நிறத்தைப் பற்றிக் கேட்க நேர்ந்த பேச்சுகளை 2017 ஆகஸ்டில் வெளிப்படையாக எழுதினார். நம் ஊர் வெயிலில் ஆடி வளர்ந்து, நாட்டுக்காக விளையாடியவர் அவர்.

2021 சனவரியில், சிட்னி மைதானத்தில் எல்லைக்கோட்டருகே நின்ற முகமது சிராஜைப் பார்வையாளர்கள் சிலர் இழிவாகப் பேசினார்கள். அவர் நடுவரிடம் முறையிட்டார். அணித்தலைவர் ரஹானே அவரோடு நின்றார். சுமார் 10 நிமிடம் ஆட்டம் நின்றது. 6 பேர் வெளியேற்றப்பட்டார்கள். செய்தியைக் கேட்டு நாமும் கொதித்தோம்.

ஆனால் நம் திடலில் நடப்பது என்ன? ஒரு ஞாயிறு மாலை, பங்கு இல்லத் திண்ணையில் அமர்ந்து திருப்புகழ்மாலை செபித்துக்கொண்டிருந்தேன். எதிரே நம் பிள்ளைகள் கால்பந்து ஆடினார்கள். தொழிற்சாலை வேலைக்கு வந்த ஒடிசா குடும்பத்துப் பையனும் அவர்களோடு ஆடினான். அவன் ஒரு கோல் வாய்ப்பைத் தவறவிட்டதும், "டேய் வடக்கா, உன் ஊருக்கே போ!" என்று ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நான் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். மறு ஞாயிறு அவன் வரவில்லை. அவன் பெயர்கூட எனக்குத் தெரியவில்லை. சிட்னியில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். இங்கே பங்குத்தந்தை நிறுத்தவில்லை. அது என் பாவம்.

நாம் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: "சும்மா விளையாட்டுக்குச் சொன்னது ஃபாதர், மனசுல ஒண்ணுமில்ல." நத்தனியேலைக் கவனியுங்கள். கபடற்றவர் என்று ஆண்டவரே அவரைப் பாராட்டுகிறார். அப்படிப்பட்ட நல்லவர் வாயிலிருந்துதான் அந்தக் கேள்வி வந்தது. நம் உள்ளம் நல்லது என்பதால் நம் சொல் பிறரைக் காயப்படுத்தாமல் போகாது.

பிலிப்பு அவரோடு வாதாடவில்லை; வந்து பார்க்கும்படி அழைத்தார். நத்தனியேலும் எழுந்து போனார். அதனால்தான், பர்த்தலமேயு என்று நாம் வணங்கும் திருத்தூதர் ஆனார்.

நானும் எழுந்து போனேன். பையனின் வீட்டைத் தேடிச் சென்று, அவன் பெயரைக் கேட்டேன், மன்னிப்பும் கேட்டேன். இப்போது அவன் மீண்டும் விளையாட வருகிறான்.

அன்பு இளைஞர்களே, நிறத்தையோ சாதியையோ ஊரையோ சொல்லி எவராவது கேலி செய்தால் உடனே பந்தை நிறுத்துங்கள். சொன்னவன் அதே இடத்தில் மன்னிப்புக் கேட்கட்டும். பெற்றோரே, சிரித்துவிட்டு நகராதீர்கள். ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்போம்.

நம்மைப் பெயர் சொல்லி அழைக்கும் ஆண்டவர் நம் நாவைத் தூய்மையாக்குவாராக. ஆமென்.